வாக்குத்தத்த வசனம் கையில் இருக்கிறது, ஜெபம்தான் வரவில்லை. எப்படி வாசிப்பது, எப்படி ஜெபிப்பது?

சோமனூர் தறிக்காரன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

எங்களுக்குச் சோமனூர் பக்கம். அப்பா காலத்திலிருந்து விசைத்தறி. பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிற சின்னக் குடோன்தான். கூலி கட்டுபடியாகவில்லை, கரண்ட் பில் ஏறியது, ஸ்ட்ரைக் சமயத்தில் வாங்கிய கடன் வட்டியோடு அப்படியே நின்றது. போன மாசம் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரி இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறாள். நான் கிடைத்த வேலைக்குப் போகிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் எழுதிக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதைப் பார்க்கவே முடியவில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. பைபிளைத் திறந்தால் கண் எழுத்தின்மேல் போகிறது, உள்ளே எதுவும் இறங்குவதில்லை. விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு என்று ஒன்றை எதிர்பார்க்கிற மனசு இல்லை. இந்த நிலைமையில் எதை வாசிப்பீர்கள்? எப்படி ஜெபிப்பீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜெயவீரன்

பிரதர், சோர்ந்து போகாதீங்க. அந்த வசனம் கர்த்தர் உங்களுக்கென்றே கொடுத்தது. தினமும் வாயைத் திறந்து அறிக்கை செய்யுங்க. சந்தேகத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீங்க, யாக்கோபு 1:6 பாருங்க. மூன்று நாள் உபவாசம் எடுங்க. இந்த வருஷம் முடிவதற்குள் இழந்ததெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பும். விசுவாசியுங்க. ஆமென்!

ஈரோடு டீச்சர்

சோமனூர் தம்பிக்கு. அந்த அட்டையைக் கண்ணாடியிலிருந்து எடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அந்த வசனத்தை முதலில் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் உங்களுக்குத் துணை கிடைக்கும்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். கைத்தொழில் தெரிந்தவர்கள், சொந்த வீடும் பட்டறையும் வைத்திருந்தவர்கள், எல்லாம் போய் அந்நிய ஊரில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேம் ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்றான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. பொய்யை நம்பும்படி ஜனங்களைச் செய்தாய் என்ற தீர்ப்புதான் அவனுக்கு வந்தது. அந்த வருஷமே செத்துப்போனான்.

அதற்குப் பிறகு வருவதுதான் 29-ம் அதிகாரம். அது பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின கடிதம். 10-ம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. உங்கள் அட்டையில் இருக்கிற 11-ம் வசனம் அதற்கு அடுத்த வரி. கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களிடம்தான் "என் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை" என்று தேவன் சொல்கிறார். அதோடு வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். 13-ம் வசனத்தையும் பாருங்கள். முழு இருதயத்தோடு தேடினால் என்னைக் கண்டுபிடிப்பீர்கள் என்று அங்கே இருக்கிறது. அந்த வார்த்தையும் பாபிலோனில் இருந்தவர்களுக்கு வந்ததுதான்.

ஆகவே தறி போனதால் அந்த வசனம் பொய்த்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தறி போனவர்களுக்கென்றே எழுதப்பட்ட வசனம் அது. உங்கள் வீட்டம்மா ஏறுகிற கம்பெனி பஸ்ஸுக்காகவும், அந்த லைன் சூப்பர்வைசருக்காகவும்கூட ஜெபிக்க அந்தக் கடிதத்தில் இடம் இருக்கிறது.

ஜெயவீரன் தம்பிக்கு ஒன்று. யாக்கோபு 1:6-க்கு முந்தின வசனம் ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்பதைப் பற்றியது. அதை எடுத்து, இரண்டு மடங்கு திரும்பும் என்பதற்குக் காலக்கெடு வைக்க முடியாது. உடைந்துபோயிருக்கிற மனிதரிடம் 'உன் சந்தேகம்தான் தடை' என்று சொன்னால், கடன் பாரத்தோடு குற்ற உணர்வையும் அவர் தலையில் ஏற்றுகிறோம்.

கோவை நைட் டூட்டி

நான் கத்தோலிக்க சபை, கோவையில் நர்ஸ். அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது வார்த்தை வராதபோது எப்படிச் செபிப்பது என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் சிஸ்டர்கள் நடத்துகிற ஹாஸ்டலில் இருந்தேன். அவர்களோடு இரவுச் செபத்துக்குப் போவேன். எங்கள் திருச்சபையின் தினசரிச் செபப் புத்தகமான திருப்புகழ்மாலையில் ஒவ்வொரு ராத்திரிக்கும் திருப்பாடல் (நீங்கள் சங்கீதம் என்பீர்கள்) குறித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு 88. அதைப் போல இருட்டான பாட்டு முழு பைபிளிலும் குறைவு. மற்றத் துக்கப் பாடல்களில் கடைசியிலாவது 'ஆனாலும் உம்மைத் துதிப்பேன்' என்று ஒரு வரி வரும். இதில் அதுவும் கிடையாது. நண்பர்கள் விலகிவிட்டார்கள், இருட்டுதான் மிச்சம் என்று அப்படியே முடிந்துவிடும். அதைத் திருச்சபை வாராவாரம் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது. துக்கம் இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். உங்களால் சொல்ல முடியாத வெள்ளிக்கிழமையில் உங்களுக்காக வேறு யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு 'உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்' என்ற வேண்டுதல் வரும். 31-ம் திருப்பாடலின் வரி அது, இயேசு சிலுவையில் கடைசியாகச் சொன்னது என்று லூக்கா எழுதுகிறார். அப்புறம் சிமியோனின் பாடல். மேசியாவைப் பார்க்க வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கிழவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு பாடினது. இந்த வரிசையை நான் வார்டில் எத்தனையோ ராத்திரி சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றாத இரவுகளிலும் சொல்லியிருக்கிறேன். உணர்ச்சி வந்தால்தான் செபம் என்று இல்லைங்க அண்ணா. பைபிளே வார்த்தையைக் கொடுக்கிறது, நாம் வாயைக் கொடுத்தால் போதும்.

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் உங்களுக்குப் பக்கம்தானே. சபை வேறானாலும் மத்தியானத்தில் போய்ச் சும்மா உட்காருங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

நல்ல விஷயம் பேசுகிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு நெருடல். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததால்தானே அழிந்தார்கள்? 1 கொரிந்தியர் 10:10-ல் பவுல் அதைச் சொல்லி எச்சரிக்கிறார். தேவனிடம் போய் "ஏன் கைவிட்டீர்" என்று கேட்பதும் முறுமுறுப்பும் எப்படி வேறாகும்? எங்கள் வீட்டில் அப்படிப் பேச விட மாட்டார்கள்.

ஈரோடு டீச்சர்

நல்ல கேள்வி. சங்கீதம் 106:25-ஐப் பாருங்கள். அவர்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள் என்று இருக்கிறது. தேவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்களுக்குள்ளே, தேவனைப் பற்றிப் பேசினார்கள். அவர் நம்மை வெறுத்துத்தான் எகிப்திலிருந்து கூட்டிவந்தார் என்று முடிவும் கட்டிவிட்டார்கள். எகிப்துக்கே திரும்பிப் போகலாம் என்றார்கள்.

தாவீது "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிறபோது முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். கேட்டுவிட்டு அங்கேயே நிற்கிறார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்டவை. அதெல்லாம் பாவமாக இருந்தால் ஆலயத்தில் பாடுவதற்கென்று தொகுத்த புத்தகத்தில் வைத்திருப்பார்களா? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22-ம் சங்கீதத்தை எடுத்து நம் ஆண்டவரே சிலுவையில் சொன்னார். அவர் உதட்டில் வந்த ஜெபத்தை நம் வீட்டில் தடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 42, 43 இரண்டு சங்கீதங்களையும் சேர்த்து வாசித்தால் ஒரே பல்லவி மூன்று முறை வரும். 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு.' முதல் தடவை சொன்னதும் கலக்கம் போய்விடவில்லை. அடுத்த வசனத்திலேயே மறுபடி 'என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது' என்கிறார், உமது அலைகளெல்லாம் என்மேல் புரண்டுபோகின்றன என்கிறார். திரும்பவும் அதே பல்லவி. பிறகு 'உமது வெளிச்சத்தையும் உமது சத்தியத்தையும் அனுப்பியருளும்' என்று கேட்டுவிட்டு மூன்றாம் தடவை. வசனம் அவருடைய வாயில் திரும்பத் திரும்ப வந்து வேலை செய்கிறது. நம்பிக்கை அப்படித்தான் ஊறி வருகிறது. நான் பார்த்த வரைக்கும் வேறு குறுக்கு வழி இல்லை.

காங்கயம் கொறங்காடு

நமக்கு எழுத்து அவ்வளவாக வராது. 2016-ல் மழை பொய்த்து 2017-ல் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசாங்கமே அறிவித்ததே, அந்தச் சமயம் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் வேரோடு காய்ந்துபோனது. தீவனம் வாங்கக் காசில்லை. பட்டியில் இருந்த ஆடுகளை வந்த விலைக்குக் கொடுத்தோம், கட்டுத்தரையில் இருந்த மாடுகளும் சந்தைக்குப் போய்விட்டன. அய்யன் காலத்திலிருந்து வெறும் கட்டுத்தரையை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரம் சபையில் ஆபகூக் 3-ம் அதிகாரம் வாசித்தார்கள். 'கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்.' எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆடும் மாடும் போனவன் மகிழ்ச்சியாக இருப்பானா? ராத்திரி அந்தப் புஸ்தகத்தை முதலிலிருந்து வாசித்தேன். மூன்றே அதிகாரம்தான். ஆபகூக்கும் 'கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன்' என்றுதான் ஆரம்பிக்கிறார். வாதாடுகிறார். காவல்கோபுரத்தில் ஏறி நின்று பதிலுக்குக் காத்திருக்கிறார். வரப்போவதைக் கேட்டதும் உதடு துடிக்கிறது, எலும்பு உளுத்துப்போகிறது. இத்தனையும் ஆன பிறகுதான் அந்த மகிழ்ச்சி வசனம். அதைப் படித்த பிறகு அந்த மனிதர் எனக்கு நெருக்கமாகிவிட்டார்.

மழை அப்புறம் வந்தது. மாடும் பழையபடி இல்லையென்றாலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மழை வருவதற்கு முன்பே நான் ஜெபத்துக்குத் திரும்பிவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சேலம் ஸ்டெத்

தொழில்முறையில் ஒரு வார்த்தை. நாளையைப் பற்றி எதிர்பார்ப்பே இல்லை, வாசித்தால் மனதில் பதியவில்லை என்பவை மன அழுத்த நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். தூக்கம், பசி எப்படி இருக்கிறது? வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் உடனே வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். டெலி மனஸ் 14416 என்ற அரசு உதவி எண் இருக்கிறது, இலவசம், எந்த நேரமும் பேசலாம்.

இதை விசுவாசக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கப் பார்த்த அதே எலியா. தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துத் தூதன் எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்றான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு. மாத்திரையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

ஜெயவீரன்

எல்லோரும் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அற்புதத்தைக் கேட்கவே கூடாதா? டாக்டர்கள் கைவிட்ட எங்கள் அம்மா ஜெபத்தில் பிழைத்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். அதை நான் எப்படிச் சொல்லாமல் இருப்பது? நீங்கள் பேசுவதைப் பார்த்தால் எதையும் எதிர்பார்க்காதே என்பது போல இருக்கிறது.

மேட்டுப்பாளையம் வாசகன்

தம்பி, அம்மா பிழைத்ததற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். கட்டாயம் சொல்லுங்கள். கேட்கவும் வேண்டும். பவுல் தன் மாம்சத்தின் முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அவருக்குக் கிடைத்த பதில் 'என் கிருபை உனக்குப்போதும்'. கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார், அது நீங்கவில்லை. இருவருக்கும் விசுவாசம் குறைவு என்று சொல்வோமா?

எனக்குத் தோன்றுவது இதுதான். நம் நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தறி திரும்ப வரும் என்பதன்மேல் நின்றால், தறி வராவிட்டால் அதுவும் போய்விடும். வந்தால்கூட அடுத்த நஷ்டத்தில் போகும். 'இம்மைக்காகமாத்திரம் நாம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கையுள்ளவர்களாயிருந்தால், எல்லா மனுஷரைப்பார்க்கிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்களாயிருப்போம்' என்று 1 கொரிந்தியர் 15-ல் பவுல் எழுதுகிறார். அந்த அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதல். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு, ஆனால் அவர் எழுந்தார் என்கிறார். கிறிஸ்தவனுடைய நம்பிக்கைக்கு அஸ்திவாரம் ஏற்கெனவே நடந்து முடிந்த அந்தக் காரியம்.

இயேசு உயிர்த்தெழுந்த அன்று எம்மாவு என்ற கிராமத்துக்கு நடந்துபோன இரண்டு சீஷரை நினைத்துப் பாருங்கள். கூட நடந்துவருகிறவர் யாரென்று தெரியாமல் அவரிடமே, அவர் இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோம், எல்லாம் போயிற்று என்று கொட்டுகிறார்கள். இயேசு முழுதும் கேட்கிறார். பிறகு மோசே தொடங்கி வேதவாக்கியங்களை விளக்கிக்கொண்டே நடக்கிறார். அவர்களுடைய ஜெபமும் வேதவாசிப்பும் அன்று ஒரே நடையில் நடந்துவிட்டது, அது ஜெபம் என்று அவர்களுக்குத் தெரியாமலே. அப்பம் பிட்கும்போதுதான் அடையாளம் தெரிந்தது. லூக்கா 24-ஐ ஒரு மாலையில் நிதானமாக வாசியுங்கள் சோமனூர் அண்ணா.

ஜெயவீரன்

யோசிக்கிறேன் அண்ணா. அற்புதத்தைக் கேட்பதை மட்டும் நான் விட மாட்டேன். சோமனூர் பிரதருக்காக இன்று ராத்திரியும் ஜெபிக்கிறேன்.

சோமனூர் தறிக்காரன்

உங்கள் எல்லோருக்கும் நன்றிங்க. பதில் எழுதச் சில நாள் ஆகிவிட்டது.

டாக்டர் கேட்டதற்கு முதலில். தூக்கம் சரியில்லை, சாகிற எண்ணம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை சாப்பிடுகிறேன்.

எரேமியா 28, 29 வாசித்தேன். அனனியாவின் இரண்டு வருஷத்தைத்தான் நானும் ஜனவரியிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. மனசு லேசாகவில்லை, ஆனால் அந்த அட்டையைப் பார்க்க முடிகிறது. ராத்திரி வீட்டுக்காரி வேலை முடிந்து வந்ததும் சங்கீதம் 13-ஐ மாறி மாறி உரக்க வாசித்தோம். 'எதுவரைக்கும்' என்று வருகிற இடத்தில் அவள் நிறுத்தி, தன்னுடைய 'எதுவரைக்கும்'களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மகளின் படிப்பு, அவள் முழங்கால் வலி, அவளுடைய நகை. தறி போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசியே இருக்கவில்லை. எனக்கு அதில் பாதி தெரியாது. அப்புறம் நானும் சொன்னேன். தினம் ஒரு சங்கீதம் என்று இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் அவள் போனில் மாற்கு சுவிசேஷம் கேட்கிறாள்.

எரேமியாவில் அடுத்தது எதை வாசிக்கலாம் டீச்சர்? ஒரு ஜெபக்குறிப்பும் இருக்கிறது. புதன்கிழமை கடன் விஷயமாகப் பேங்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

ஈரோடு டீச்சர்

30 முதல் 33 வரை வாசியுங்கள் தம்பி. அதில் 32-ம் அதிகாரத்தில் கொஞ்சம் தங்குங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் சொந்தக்காரரிடமிருந்து ஆனதோத்தில் ஒரு நிலத்தைக் கிரயம் வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். எதிரி கையில் போகப்போகிற பூமி என்று அவருக்கே தெரியும். வாங்கி முடித்ததும் செய்கிற ஜெபம் 16-ம் வசனத்திலிருந்து இருக்கிறது. நிலம் வாங்கச் சொன்னீரே, இது எப்படி என்று அந்த ஜெபத்திலும் கேட்கத்தான் செய்கிறார்.

காங்கயம் கொறங்காடு

புதன்கிழமை எத்தனை மணிக்குங்க? எங்கள் சபையில் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். வட்டியைக் குறைத்து ஒரே தடவையில் முடிக்கிறது, தவணையை நீட்டுகிறது எல்லாம் அவருக்கு அத்துபடி. கேட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். லோன் பாஸ்புக், கடைசியாக வந்த நோட்டீஸ், தறி விற்ற ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். பத்து மணிக்குச் சோமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம்.